சரக்கு எங்கே தங்குகிறது?



இரண்டு மாதங்களுக்கு முன் நடந்த நமது பொதுக்குழுவுக்கு வராத அங்கத்தினர்களுக்காக அங்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். கடை உரிமம் புதுப்பித்துத் தரும் அலுவலகம் ஒன்றில் நம்மவர்களின் விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் கிடக்கின்றன என்று ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசினார்கள். பேசப் பேசச் சூடு ஏறியது. கடைசியில், அங்கு இருக்கையில் உள்ள எழுத்தர் ஒருவரை உடனே மாற்ற வேண்டும் என்று மேலிடத்துக்கு மனு எழுதி, கையெழுத்துக்குச் சுற்றுக்கு விட்டார்கள். தாள் நம்மிடம் வந்தபோது நாம் கையெழுத்துப் போடவில்லை. “மூன்று மாதம் பொறுங்கள். முதலில் எண்ணிப் பார்ப்போம்” என்றோம்.

“ஐயாவுக்கு அந்த ஆபீஸில் வேலை சுலபமாக நடக்கிறது போலிருக்கிறது” என்றார் ஓர் இளைய அங்கத்தினர். சபை சிரித்தது. நாமும் சிரித்துவைத்தோம். தலைவர் பெரிய மனது வைத்துத் தீர்மானத்தை ஒத்திவைத்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதை எழுத்தில் தாருங்கள் என்று இதழாசிரியர் கேட்டதால் இதை எழுதுகிறோம். நாம் படித்தது பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். எழுத்தில் பிழையிருந்தால் பொறுத்தருள்க.

அன்று நாம் கையெழுத்துப் போடாததற்குக் காரணம் கொல்லிமலையில் இருக்கிறது.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மலைச் சரக்கு வாங்கி விற்பவர்கள் நாம். மிளகு, காப்பி, சாமை, தினை, சீசனில் பலா, அன்னாசி என்று எல்லாம் அங்கிருந்துதான் இறங்குகின்றன. காரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் நமக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். 1991-ஆம் ஆண்டு, மலை இன்னும் சேலம் மாவட்டத்தில் இருந்த காலம் அது. சோளக்காட்டுப் பக்கத்துக் கவுண்டர் ஒருவரிடம் வாங்கிய மிளகை நம் கிடங்கில் சில வாரம் வைத்திருந்து விருதுநகருக்கு அனுப்பினோம். பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று அத்தனை மூட்டையும் திரும்பி வந்தன. போக வர லாரி வாடகையும் நம் தலையில். கோபத்தில் மலையேறி, ஈர மிளகை மூட்டை கட்டிவிட்டீர் என்று கவுண்டரை அவர் வாசலிலேயே வைத்துக் கேட்டோம்.

“பாறையில நாலு வெயிலு காஞ்ச மிளகு, மொதலாளி. கையில அள்ளிக் குலுக்கிப் பாருங்க, சலசலன்னு பேசும்” என்றார்.

நாம் கேட்கவில்லை. அவரிடம் கொள்முதலை நிறுத்திவிட்டோம். அடுத்த ஆண்டு வேறொருவரிடம் வாங்கினோம். அதுவும் கெட்டது. அப்போதுதான் நம் கிடங்கில் இருபது வருடமாக மூட்டை தூக்கிய பெரியவர், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சாவதானமாகச் சொன்னார்: “சொவத்தோரத்து அட்டிதான் எப்பவும் கெடுது, மொதலாளி.” தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். “நீங்க கேக்கலையே” என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு மூட்டையிலும் அது எந்த அட்டி, எந்த வரிசை, எந்தத் தேதியில் இறங்கியது என்று சுண்ணாம்புக் கட்டியால் குறித்தோம். ஒரு மழைக்காலம் போதுமானதாக இருந்தது. கெட்டவை அத்தனையும் மேற்குச் சுவரை ஒட்டிய இரண்டு வரிசைகள். பக்கத்துக் கட்டடத்துக் கூரைத் தண்ணீர் அந்தச் சுவரில் இறங்கி, தரையில் கசிந்துகொண்டிருந்தது. யார் வீட்டு மிளகாக இருந்தாலும் அங்கே போட்டால் கெடும். தரைக்குப் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அட்டி போடச் சொன்னோம். அதன்பின் பூஞ்சணத்துக்காக நமக்கு ஒரு மூட்டையும் திரும்பி வந்ததில்லை.

கவுண்டரிடம் போய்த் தப்பு நம்முடையது என்று சொன்னோம். வரக்காப்பி கொடுத்தார். மிளகு கொடுக்கவில்லை. அதற்குள் அவர் வேறு மண்டியோடு பேசி முடித்திருந்தார்.

ஓசூரில் தொழிற்சாலை ஒன்றில் தரப் பிரிவில் வேலை பார்க்கும் நம் தம்பி மகனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, “பெரியப்பா, நீங்கள் செய்ததற்கு ஒரு சாஸ்திரமே இருக்கிறது” என்றான். அவன் சொல்லித்தான் டெமிங் என்ற அமெரிக்கரின் பெயர் நமக்குத் தெரியவந்தது. அவருக்கு வழிகாட்டியான ஷூஹார்ட் என்பவர் 1924-இல் தொலைபேசி உறுப்புகள் செய்யும் தொழிலில் இருந்தபோது ஒரு முறையைக் கண்டார். கெட்ட சரக்கைக் கடைசியில் பொறுக்கி எறிவதை விட, செய்யும்போதே அளந்து, அளந்ததை ஒரு வரைபடத்தில் குறித்து வந்தால் கோளாறு எங்கே என்பது தெரிந்துவிடும் என்பதே அது. அந்த ஷூஹார்ட் 1947-48-இல் நம் நாட்டுக்கே வந்திருக்கிறார். கல்கத்தாவில் புள்ளியியல் நிலையம் வைத்திருந்த பேராசிரியர் மகலனோபிஸ் அழைத்து வந்தவர் அவர். டெமிங் 1950-இல் ஜப்பானுக்குப் போய்ப் பாடம் சொன்னார். அடுத்த ஆண்டே அவர் பெயரில் அங்கே ஒரு பரிசு ஏற்படுத்தினார்கள். அந்தப் பரிசை 1998-இல் வாங்கியது சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன். ஆகவே இது ஏதோ கடல் கடந்த சமாசாரம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

டெமிங் ஒரு கணக்குச் சொன்னார். நூற்றில் தொண்ணூற்று நான்கு கோளாறுகள் வேலை நடக்கும் முறையில் இருப்பவை, ஆறுதான் தனிப்பட்ட காரணங்களால் வருபவை என்பது அவர் மதிப்பீடு. இந்த எண்ணை நாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. நம் கிடங்கைப் பொறுத்தவரை அன்று நூற்றுக்கு நூறும் சுவரில்தான் இருந்தது. கவுண்டரிடம் ஒன்றும் இல்லை.

இந்த முறை தொழிற்சாலைக்குச் சரி, தாள் நகரும் அரசு அலுவலகத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நாமும் கேட்டோம். அதற்கு அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரத்துக் கதையைத் தம்பி மகன் சொன்னான். வியாபாரிகளான நமக்கு அது மிகவும் பிடிக்கும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

1983-இல் அந்த நகருக்கு மேயராக வந்த சென்சன்பிரென்னர் டெமிங்கின் பேச்சைக் கேட்டவர். நகராட்சி வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் இதைச் சோதித்துப் பார்ப்போம் என்று தொடங்கினார். குப்பை வண்டி, போலீஸ் கார் எல்லாம் அங்கேதான் வரும். ஒரு வண்டி உள்ளே போனால் வெளியே வர ஒன்பது நாள் ஆகிக்கொண்டிருந்தது. ஊரார் மெக்கானிக்கைத் திட்டினார்கள். மெக்கானிக்குகளைக் கேட்டால், வேலை செய்ய ஆள் இருக்கிறது, உதிரிப் பாகம்தான் இருப்பில் இருப்பதில்லை என்றார்கள். பாகம் வைத்திருப்பவரைக் கேட்டால், நகராட்சி வாங்கிக் குவித்திருப்பது வருடம், கம்பெனி, மாடல் என்று 440 வகை, எத்தனைக்குத்தான் பாகம் வாங்கி வைப்பேன் என்றார். ஏன் இத்தனை வகை? அன்றைக்கு எது விலை குறைவோ அதை வாங்குவதுதான் வழக்கம். கொள்முதல் பிரிவைக் கேட்டால், கணக்கு அதிகாரி வேறு விதமாக விடமாட்டார் என்றார்கள். கணக்கு அதிகாரியோ, நகராட்சி வக்கீல் ஒப்பமாட்டார் என்றார். கடைசியில் வக்கீலிடம் போனார்கள். தாராளமாகச் செய்யலாமே, உத்தரவாதம், பராமரிப்பு, பாகம் கிடைக்கும் வசதி, பிறகு விற்கும் விலை எல்லாவற்றையும் விலைப்புள்ளி நிபந்தனையில் எழுதிவிட்டால் போதும், அப்படித்தான் செய்கிறீர்கள் என்றல்லவா நினைத்தேன் என்றாராம் அவர்!

படித்துவிட்டு நமக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமாகவும் இருந்தது. மலிவாக வந்ததே என்று நான்கு கம்பெனித் தராசு வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்று பழுதானால் எந்த மெக்கானிக்கைக் கூப்பிடுவது என்று தெரியாமல் தவிக்கும் கடைகள் நம்மிடம் எத்தனை? மேடிசனில் இருபத்து நான்கு படிகளாக இருந்த கொள்முதல் முறை மூன்று படிகளாகச் சுருங்கியது. ஒன்பது நாள் மூன்று நாளாயிற்று. முன்கூட்டிய பராமரிப்பில் போட்ட ஒவ்வொரு டாலருக்கும் ஏழு டாலருக்கு மேல் மிச்சம் என்று கணக்குப் பார்த்தார்கள். ஒரு மெக்கானிக்கையும் மாற்றவில்லை.

நம் மாநிலத்திலேயே இதைவிடப் பெரிய காரியம் ஒன்று நடந்திருக்கிறது. நம் சங்கத்தில் மருந்து வணிகர்கள் சிலருக்கு இது தெரிந்திருக்கும். மற்றவர்கள் கேட்டிருக்கமாட்டீர்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, வெளியே சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள் என்ற புலம்பலை நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற அரசு நிறுவனத்தை ஏற்படுத்தினார்கள். அது செய்தது முழுக்க முழுக்க மொத்த வியாபாரியின் வேலை. ஆங்காங்கே ஆளுக்கொரு பக்கம் வாங்குவதை மாற்றி, அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டு, கம்பெனிப் பெயரில்லாமல் மருந்தின் பெயரிலேயே மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர் விட்டார்கள். டெண்டரில் இரண்டு உறை. முதல் உறையில் தொழிற்சாலைத் தகுதி, விற்றுமுதல் முதலான விவரம். அது தேறினால்தான் விலை எழுதிய இரண்டாம் உறையைப் பிரிப்பார்கள். மலிவு என்பதற்காக எவனோ ஒருவன் உள்ளே வந்துவிட முடியாது.

சரக்கு மாவட்டக் கிடங்கில் இறங்கினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாது. ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, ரகசிய எண் போட்டுச் சோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். யார் மருந்து என்று சோதிப்பவருக்கே தெரியாது. தேறினால்தான் வினியோகம். தேறாத கம்பெனி கறுப்புப் பட்டியலுக்குப் போகும். தாமதமாக அனுப்பினால் பணத்தில் பிடித்தம். மாத்திரைப் பட்டையிலேயே தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அன்று என்று அச்சடித்துவிட்டதால், பின்வாசல் வழியாகக் கடைக்குப் போவதும் கடினமாயிற்று.

இதில் நம் மனதைக் கவர்ந்தது பாஸ்புக். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. இந்த ஆண்டு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் வரவு. எடுக்க எடுக்கப் பற்று. நம் மண்டியில் சில்லறைக் கடைக்காரருக்கு வைத்திருக்கிறோமே பற்று வரவு நோட்டு, அதேதான். முன்பெல்லாம் மேலிருந்து எது வந்து விழுகிறதோ அதுதான் மருந்து. பாஸ்புக் வந்தபின், தன் பகுதிக்கு எது தேவை என்று கீழே இருப்பவர் சொல்ல முடிந்தது. மலையடிவாரத்து நிலையத்துக்குப் பாம்புக்கடி மருந்து வேண்டும், நகரத்து நிலையத்துக்குச் சர்க்கரை மாத்திரை கூடுதலாக வேண்டும். இது சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? பிற்பாடு கேரளமும் ராஜஸ்தானும் இதே போன்ற கழகங்களை ஏற்படுத்திக்கொண்டன. குறையே இல்லாத ஏற்பாடு என்று சொல்லவரவில்லை. இன்றும் சில நேரம் சில மருந்து இல்லை என்று சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் இல்லை என்றால் எந்தக் கிடங்கில், எந்தத் தேதியிலிருந்து இல்லை என்று பார்க்க ஏடு இருக்கிறது. அதுதான் பெரிய மாற்றம்.

மருந்தாவது கிடங்கில் காத்திருக்கும். பிரசவம் காத்திருக்காது. கொல்லிமலையில் பதினான்கு நாடுகள். ஊராட்சிகளுக்கே வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்றுதான் பெயர். குக்கிராமம் ஒன்றிலிருந்து வலி கண்ட பெண்ணைத் தூளி கட்டித் தார் ரோட்டுக்குச் சுமந்து வந்ததை நாம் அந்த நாளில் கண்ணால் பார்த்திருக்கிறோம். நம் சரக்கு லாரியில் ஏற்றி இறக்கிய நாளும் உண்டு. அந்த எழுபது வளைவிலும் டிரைவர் வாய் திறக்கவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருந்ததில்லை.

தமிழ்நாட்டில் 1994 முதல் பிரசவம் சார்ந்த தாய் மரணங்களைத் தெரிவிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்து, ஒவ்வொரு மரணமாக எடுத்து விசாரிக்கத் தொடங்கினார்கள். வீட்டுக்குப் போய் உறவினரிடம் கேட்பார்கள். எப்போது வலி வந்தது, எப்போது புறப்படத் தீர்மானித்தீர்கள், வண்டி எப்போது வந்தது, ஆஸ்பத்திரியில் எப்போது கவனித்தார்கள் என்று நேரம் நேரமாகக் குறிப்பார்கள். மாவட்ட அளவில் கலெக்டர் வரை அது ஆய்வுக்குப் போகும். இந்தத் தாமதங்களை மருத்துவ உலகில் மூன்றாகப் பிரிக்கிறார்கள். வீட்டில் முடிவெடுக்கும் தாமதம், வழியில் ஏற்படும் தாமதம், ஆஸ்பத்திரிக்குள் ஏற்படும் தாமதம். நாம் மூட்டையில் சுண்ணாம்புக் குறி போட்டது போலத்தான். ஆனால் இங்கே கணக்கில் வருவது ஒரு தாயின் உயிர். நம் பூஞ்சண மிளகோடு இதை ஒப்பிட்டதற்கு மன்னிக்கவும்.

கோளாறு எந்தப் படியில் என்று தெரிந்ததும் வைத்தியமும் அந்தப் படிக்கே நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவு பகலாக நர்சுகள் இருக்க மூன்று பேர் வீதம் போட்டார்கள். 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. மலைப்பகுதிகளில் அதுவும் போதவில்லை. கொண்டை ஊசி வளைவில் ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாகத்தான் போகும்? ஆகவே மலைவாழ் மக்கள் பகுதி சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவகாலக் காத்திருப்பு அறை கட்டினார்கள். நாள் நெருங்கியதும் கர்ப்பிணிப் பெண் துணைக்கு ஓர் ஆளுடன் முன்கூட்டியே வந்து தங்கிக்கொள்ளலாம். வண்டியை விரட்டுவதற்குப் பதில் வழியையே பிரசவத்துக்கு முன்னால் நகர்த்திவிட்டார்கள். யார் மூளையில் உதித்ததோ, அவருக்கு நம் வணக்கம். 2001-03-இல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20-இல் அது 54. அகில இந்தியக் கணக்கில் அதே காலத்தில் 301 என்பது 97 ஆயிற்று. சாலை, படிப்பு, வருமானம் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றோடு இந்த எண்ணிக்கை வேலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சில இடங்களில் படியைச் சரிசெய்வதைவிட எடுத்துவிடுவதே மேல். வணிகவரிச் சோதனைச் சாவடிகளை நினைத்துப் பாருங்கள். இரவு முழுவதும் லாரி வரிசை, டிரைவருக்குப் படிக்காசு, பழச்சரக்கு என்றால் விடியும்போது பாதி அழுகல். அந்தச் சாவடிகளை வேகப்படுத்தச் சொல்லி நம் சங்கம் எத்தனை மனு கொடுத்தது! 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சாவடிகளையே எடுத்துவிட்டார்கள். ஜி.எஸ்.டி. மேல் நமக்குள்ள மனக்குறைகளை எழுதினால் இந்த இதழ் போதாது. சாவடி போனதற்கு மட்டும் நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

அரசுக்கே இதைப் பற்றி யோசனை இல்லாமல் இல்லை. 1997 மே மாதம் முதலமைச்சர்கள் மாநாட்டில் பேசி, அலுவலகந்தோறும் மக்கள் சாசனம் என்று பலகை வைக்க முடிவெடுத்தார்கள். இங்கிலாந்தில் 1991-இல் தொடங்கிய வழக்கம் அது. இந்தச் சேவை இத்தனை நாளில் கிடைக்கும் என்று பலகையில் எழுதியிருக்கும். 2005-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அரசுச் சேவைகளுக்கென்றே ஐ.எஸ். 15700 என்று ஒரு தர அளவு வெளியிட்டது. பலகையை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் முப்பது நாள் என்று எழுதிய பலகைக்குக் கீழே, சென்ற மாதம் உண்மையில் எத்தனை நாளாயிற்று என்று எழுதிய பலகையை நாம் எங்கும் பார்த்ததில்லை. இருப்பு எடுக்காத கடையில் விலைப்பட்டியல் மட்டும் தொங்குவது போல.

தாமதத்துக்கு அபராதம் போட்டால் சரியாகிவிடும் என்று நம் செயற்குழுவில் ஒரு கருத்து உண்டு. மத்தியப் பிரதேசம் 2010-இல் இதற்குச் சட்டம் செய்தது. கர்நாடகத்தில் சகாலா என்ற பெயரில் 2012 முதல் நடக்கிறது. தாமதமானால் நாளொன்றுக்கு இருபது ரூபாய், அதிகபட்சம் ஐந்நூறு, விண்ணப்பதாரருக்குக் கொடுக்க வேண்டும். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆயினும் நமக்கு ஓர் ஐயம். அபராதத்துக்குப் பயந்த எழுத்தர் கெடு முடியும் நாளில் ஏதாவது ஒரு குறையை எழுதித் திருப்பிவிட்டால் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். அவர் ஏட்டில் தாமதம் இருக்காது. நம் கையில் உரிமமும் இருக்காது. பயத்தை முதலில் வெளியேற்றுங்கள் என்று டெமிங்கும் சொல்லியிருக்கிறார். கிடங்கில் மூட்டை கெட்டால் கூலியில் பிடிப்போம் என்று சொல்லியிருந்தால், சுவரோரத்து அட்டியைப் பற்றி அந்தப் பெரியவர் நம்மிடம் வாய் திறந்திருப்பாரா?

கைநீட்டிக் காசு கேட்பவர்களைப் பற்றி என்ன சொல்கிறீர் என்று கேட்பீர்கள். அது வேறு கணக்கு. அதற்கு லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. அங்கே போகத் துணிவுள்ளவர்களுடன் நாமும் வருகிறோம். ஒன்று மட்டும் சொல்வோம். தாள் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாத இடத்தில்தான் மாமூலுக்கு மதிப்பு. இன்ன மேஜையில் இன்ன நாளிலிருந்து நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், நகர்த்திவிடுகிறேன் என்று இடைத்தரகர் எதைச் சொல்லி விற்பார்?

இனி நம் சங்கத்துக் கதைக்கு வருவோம். பொதுக்குழு முடிந்த வாரமே, விண்ணப்பம் போட்ட அங்கத்தினர்களுக்கு ஆளுக்கொரு சிட்டை கொடுத்தோம். கொடுத்த தேதி, திருப்பப்பட்டிருந்தால் அந்தத் தேதி, காரணம், மறுபடி கொடுத்த தேதி, ஆய்வுக்கு வந்த தேதி, உரிமம் கைக்கு வந்த தேதி. அவ்வளவுதான். இரண்டு மாதச் சிட்டைகளை மண்டித் திண்ணையில் பரப்பி வைத்துப் பார்த்தோம். திரும்பியவற்றில் பாதிக்கு மேல் ஒரே காரணத்துக்காகத் திரும்பியிருந்தன. வாடகை ஒப்பந்தத்தில் பழைய கதவு எண், வரி ரசீதில் புதிய கதவு எண். இரண்டும் ஒத்துப்போகவில்லை. தப்பு நம்முடையது. அல்லது நமக்குப் பூர்த்தி செய்து கொடுத்தவர்களுடையது. திரும்பாமல் போனவற்றில் நாள் அதிகம் பிடித்தது இடத்தை நேரில் ஆய்வு செய்யும் படியில். அந்த ஆய்வாளருக்குக் கீழ்நாட்டோடு மலையும் சேர்ந்த பகுதி. செம்மேட்டில் ஒரு கடை, சோளக்காட்டில் ஒரு கடை என்று தனித்தனியே ஏற முடியாமல், சில விண்ணப்பங்கள் சேரட்டும் என்று வைத்திருக்கிறார். மலைக்கடைகளின் சிட்டைகளில்தான் நாட்கள் நீண்டிருந்தன.

நாம் மாற்றக் கோரினோமே, அந்த எழுத்தரின் மேஜையில் ஒரு தாளும் இரண்டு நாளுக்கு மேல் நின்றதாகச் சிட்டையில் இல்லை.

செயலாளரும் நாமும் அவரைப் போய்ப் பார்த்தோம். நம்மைக் கண்டதும் அவர் முகம் இறுகியது. மனு விஷயம் காதுக்குப் போயிருக்கிறது. கதவு எண் விவகாரத்தைச் சொன்னதும் மேஜையைத் திறந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். எந்தக் குறைக்காக எத்தனை விண்ணப்பம் திருப்பினார் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். “இதை யாரிடம் காட்டினீர்கள்?” என்று செயலாளர் கேட்டார். யாரும் கேட்கவில்லை என்றார். செயலாளர் நம்மைத் திரும்பிப் பார்த்தார். வெற்றிலை மென்ற பெரியவர் கதை அவருக்கும் தெரியும்.

அடுத்த பொதுக்குழுவில் பழைய மனுவுக்குப் பதிலாக இரண்டு கோரிக்கைகளை வைக்க இருக்கிறோம். மாதத்தில் இரண்டு நாட்களைக் குறித்து, அந்த நாட்களில் மலைக்கடைகளை ஆய்வு செய்ய வேண்டும் என்பது ஒன்று. சரியாகப் பூர்த்தி செய்த மாதிரி விண்ணப்பத்தையும், கதவு எண் மாறியிருந்தால் அதற்கு என்ன சான்று இணைப்பது என்பதையும் நம் சங்க அலுவலகத்திலேயே ஒட்டி வைக்க அனுமதிக்க வேண்டும் என்பது மற்றொன்று. அதற்கு மூன்றாம் மாதச் சிட்டைகளும் வேண்டும். இதுவரை வந்தவற்றில் மலைக்கடைகளின் சிட்டை குறைவு. சபையில் நம்மைக் கிண்டல் செய்த இளைய அங்கத்தினரும் தம் சிட்டையை இன்னும் தரவில்லை. மாதக் கடைசிக்குள் சங்க அலுவலகத்தில் சேர்த்தால் போதும். மலைக் கடைக்காரர்கள் சரக்கு எடுக்க இறங்கும்போது நம் மண்டியிலேயே கொடுத்துவிடலாம்.